பிறபொருளெதிரி

டெல்லி லோதி ரோட்டில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. அதன் கீழ் வரும் தேசிய இம்யூனாலஜி நிறுவனத்தின் இந்திப் பெயரில் உள்ள சொல் ‘பிரதிரக்ஷா’. ஆங்கிலக் கோப்பில் அதுவே ‘இம்யூனிட்டி’. லோதி எஸ்டேட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தமிழ்த் தாயைக் கேட்டால் ‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்பார். மூவரும் ஒன்றைத்தான் சுட்டுகிறார்கள். ஆனால் மூன்று சொல்லும் மூன்று விதமாக யோசிக்க வைக்கின்றன.

இது அகராதிக்காரர்களுக்கு மட்டுமான கவலை இல்லை. லோதி ரோட்டின் மேற்கு முனையில் சஃப்தர்ஜங் கல்லறையருகே திரும்பி, அரவிந்தோ மார்க்கில் தெற்கே போனால் எய்ம்ஸும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எதிரெதிரே வரும். இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை 1994 ஆகஸ்ட் 3 அன்று எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் தலைமையில் நடந்தது. நாடு முழுவதற்குமான உறுப்பு தானத்தை ஒருங்கிணைக்கும் ‘நோட்டோ’ சஃப்தர்ஜங் வளாகத்தில் இயங்குகிறது. டெல்லியானாலும் வேலூரானாலும், மாற்று அறுவை நடக்கும் மருத்துவமனை வராந்தாவில் தமிழர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நோயைத்தானே எதிர்க்கணும்? அம்மா குடுத்த கிட்னி என்ன நோயா? அதைப் போய் உடம்பு ஏன் எதிர்க்குது?” கேட்டவர் மேல் குறையில்லை. அவருக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் பெயர்தான் அப்படிக் கேட்க வைக்கிறது.

பெயரின் வேரிலிருந்து வருவோம். ‘இம்யூன்’ மருத்துவர்கள் உண்டாக்கிய சொல் அன்று. லத்தீனில் ‘மூனுஸ்’ என்பது ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை, கட்ட வேண்டிய வரி. அது இல்லாதவன் ‘இம்மூனிஸ்’. ரோமப் பேரரசில் வரிவிலக்குப் பெற்ற ஊர்களும், முகாமின் அன்றாட உடலுழைப்பு வேலைகளிலிருந்து விடுவிக்கப்பட்ட படைவீரர்களும் இம்மூனிஸ் எனப்பட்டார்கள். சோழர் கல்வெட்டு வாசித்தவருக்கு இதன் தமிழ் சட்டென்று வரும்: இறையிலி. கோயிலுக்கு விட்ட நிலம் இறையிலி; அரசனுக்கு அங்கே வரி கேட்க உரிமை இல்லை. முதல் நூற்றாண்டிலேயே லூகன் என்ற ரோமக் கவிஞர், பாம்பு விஷம் ஏறாத வட ஆப்பிரிக்கக் குடியினரைப் பற்றிச் சொல்லும்போது இச்சொல்லை ஆண்டிருக்கிறார். அம்மை ஒரு முறை வந்து போனவருக்கு மறுமுறை வராது என்ற அனுபவமும் பின்னாளில் இதே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது. ஆகப் பழைய பொருளில் இம்யூனிட்டி ஒரு சக்தி அன்று, ஓர் இன்மை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை ‘நிர்ப்பீடனம்’ என்றன. பீடை இல்லாத நிலை. வடமொழி வாடை வீசினாலும் லத்தீனின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நோய்த்தடைக்காப்பு’ என்கின்றன. தெருவில் வென்றது ‘நோய் எதிர்ப்பு சக்தி’. இதில் இரண்டு சொற்கள் புதிதாக நுழைந்துவிட்டன. ஒன்று ‘சக்தி’. சக்தி என்று சொல்லிவிட்டால் அதைக் கூட்டலாம், ஊட்டலாம், டப்பாவில் அடைத்து விற்கலாம். 2020 கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரும் சத்துமாவும் இந்த ஒரு சொல்லின் பெயரில் வீடு வீடாகப் போயின. இன்னொன்று ‘நோய்’. உடம்புக்கு நோய் எது, நன்மை எது என்று தெரியும்போலும், தெரிந்துதான் எதிர்க்கிறதுபோலும் என்ற எண்ணத்தை இது விதைத்துவிட்டது. மாற்று உறுப்பு வந்து சேரும்போது அந்த எண்ணம் உடைகிறது. உறுப்பு நல்லதுதான், உயிர் கொடுப்பதுதான், ஆனாலும் உடம்பு அதை விடுவதில்லை.

ஏன் என்பதற்கான விடை, இன்னொரு சொல்லின் வரலாற்றில் இருக்கிறது. 1890இல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோ ஷிபாசாபுரோவும், டிப்தீரியா, டெட்டனஸ் நஞ்சுகளுக்குப் பழக்கிய விலங்குகளின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, எடுத்து வேறு விலங்குகளைக் காப்பாற்றினார்கள். சீரத்தில் ஏதோ இருக்கிறது. அந்த ‘ஏதோ’வுக்கு 1891இல் பால் எர்லிக் எழுத்தில் கிடைத்த பெயர் ‘ஆண்டிகோர்ப்பர்’. ஜெர்மனில் ‘கோர்ப்பர்’ என்றால் உடல் என்றும் பொருள், ஒரு பொருள் என்றும் பொருள். ஆங்கிலம் இதை ‘ஆண்டிபாடி’ ஆக்கிக்கொண்டது. அதைப் பார்த்து ‘உடலுக்கு எதிரானது’ என்று மிரண்டவர்களும் உண்டு.

அடுத்து ‘ஆண்டிஜென்’. 1899இல் ஹங்கேரியரான லாஸ்லோ டெட்ரே இச்சொல்லை ஆக்கினார். ‘ஆண்டிசோமாட்டோஜென்’ என்ற நெடுஞ்சொல்லின் சுருக்கம் இது. ‘எதிர்ப்பொருளை உண்டாக்குவது’ என்பதே கருத்து. இதில் மரபணுவான ‘ஜீனை’த் தேடுவது வீண். ஜீன் என்ற சொல்லே 1909இல்தான் ஜோஹன்சன் கையில் பிறந்தது.

இந்த இரு சொற்களும் தமிழுக்கு வந்தபோது பாக் நீரிணையின் இரு கரையிலும் இரு வழிகள் பிரிந்தன. தமிழ்நாடு ‘எதிர்ப்பொருள்’ என்றது. எர்லிக்கின் சொல்லுக்கு நேர் ஈடு. ஆனால் இலக்கணம் படித்தவர் கண்ணில் நடுவிலுள்ள ‘ப்’ உறுத்தும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது: எதிர்காலம். மிகுந்தால் பொருள் மாறும்: எதிர்க்கட்சி. ‘எதிர்க்கும் பொருள்’ என்றால் ‘எதிர்பொருள்’ என்றல்லவா இருக்க வேண்டும்? ‘எதிர்ப்பொருள்’ என்றால் ‘எதிரான பொருள்’ என்றுதான் காது கேட்கிறது. இயற்பியலில் ஆண்டிமேட்டருக்கும் இதே சொல்லை ஆள்வது தற்செயல் இல்லை. எதை எதிர்க்கிறது என்பதை இச்சொல் சொல்லவே இல்லை.

ஈழத்துச் சொல் அதைச் சொல்கிறது: பிறபொருளெதிரி. பிறபொருள் + எதிர் + இ. பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி என்பதுபோல, பிற பொருளை எதிர்ப்பது பிறபொருளெதிரி. ஆண்டிஜெனுக்கு அங்கே ‘பிறபொருளெதிரியாக்கி’. நாக்கு சுளுக்கும் நீளம்தான். ஆனால் டெட்ரேயின் மூலக் கருத்து, சுருக்கத்தில் தொலைந்துபோன அந்த ‘உண்டாக்குவது’, இதில் முழுசாக மீண்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் வழக்கம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அவர் அங்கு வந்தது 1847இல், மறைந்தது 1884இல். எர்லிக்கின் சொல் பிறக்க அப்போது இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. எனவே கிறீனின் நூல்களில் இதைத் தேடிப் பயனில்லை. இலங்கைப் பள்ளிகளில் அறிவியல் தாய்மொழிக்கு மாறிய பிற்காலத் தேவை பெற்ற பிள்ளை இது. ‘நோய்’ என்ற சொல் இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருப்பது ‘பிற’ மட்டும்.

உடம்புக்கு ‘பிற’ எது? 1943இல் கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சனும் பீட்டர் மெதாவரும், தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். முதலில் ஒட்டியது சில நாள் பிழைத்து அழிந்தது. இரண்டாம் முறை ஒட்டியது அதைவிட விரைவாக அழிந்தது. உடம்பு முதல் தடவை கற்றதை இரண்டாம் தடவை நினைவில் வைத்திருந்தது. கூடப் பிறந்தவனின் தோல்கூட அதற்குப் பிறபொருள்தான். இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுக்காக மெதாவர் 1960இல் பர்னெட்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குள் நடந்தது. அங்கே எதிர்ப்பதற்குப் ‘பிற’ என்று ஒன்றுமில்லை.

நம் செல்களின் மேல் ‘தன்’ என்றும் ‘பிற’ என்றும் வகுக்கும் முத்திரைகளே எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள். 1958இல் பாரிஸில் ஜான் டோசே இவற்றில் முதலாவதை இனங்கண்டார். தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி. அதனால் பெற்றோரும் பிள்ளையும் எப்போதும் பாதி பொருந்துவார்கள். உடன்பிறந்தவர்களில் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுத்தமாகப் பொருந்தாத வாய்ப்பும் நான்கில் ஒன்று. சொந்தம் என்று நாம் சொல்வது வேறு, செல் சொல்வது வேறு. கர்ப்பத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வயிற்றுப் பிள்ளை சுமப்பது பாதி தகப்பனின் எச்.எல்.ஏ.; பல பெண்களின் ரத்தத்தில் அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் உருவாகித் தங்கிவிடுகின்றன. பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவன் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால் மருத்துவர் அவள் சீரத்தைக் கணவனின் செல்களோடு சேர்த்துப் பார்க்கும் ‘கிராஸ்மேட்ச்’ சோதனையைக் கூடுதல் கவனத்தோடு செய்வது அதனால்தான். பழைய ரத்த ஏற்றமும் இதே வேலையைச் செய்யும்.

இனி ‘நிராகரிப்பு’. தள்ளிவிடுதல் என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த சொல். அலுவலகத் தமிழில் மனு நிராகரிக்கப்படும்: ஒரே நாள், ஒரே கையெழுத்து, முடிந்தது. மருத்துவமனைப் பேச்சிலும் அப்படியே: “ரிஜெக்ட் ஆயிடுச்சு”, “உடம்பு ஏத்துக்கல”. ஆனால் நிராகரிப்பு ஒன்றல்ல. மருத்துவர்கள் அதைக் கடிகாரம் பார்த்து மூன்றாகப் பிரித்தார்கள். அறுவை மேசையிலேயே நிமிஷங்களில் நடப்பது ஒன்று. ஏற்கெனவே ரத்தத்தில் இருந்த பிறபொருளெதிரிகளின் வேலை. 1969இல் படேலும் பால் டெரசாகியும் கிராஸ்மேட்ச் சோதனையின் மதிப்பை நிறுவிய பிறகு இது அரிதாகிவிட்டது. வாரங்களில், மாதங்களில் வருவது அடுத்தது. பெரும்பாலும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களின் வேலை. 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோது எல்லாரும் பயந்தது இதற்குத்தான். 1980களில் சைக்ளோஸ்போரின் வந்து இதை அடக்கியது. முதல் ஆண்டைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட பிறகு மூன்றாவதே பெரிய கவலையானது. அதற்குக் காலத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லாததால் ‘குரோனிக்’ என்றார்கள். கிரேக்கக் ‘குரோனோஸ்’, காலம். தமிழில் ‘நாள்பட்ட நிராகரிப்பு’.

நாள்பட்டது என்ற பெயர் ஒரு சமாதானத்தையும் சேர்த்துத் தந்துவிட்டது. நாள்பட்டால் எதுவும் தேயும்தானே? 1991இல் கனடாவின் பான்ஃப் என்ற மலையூரில் நோய்க்குறியியலாளர்கள் கூடி, மாற்றுச் சிறுநீரகத் திசுவைப் படிக்க ஒரு பொது முறை வகுத்தார்கள். அந்த முறை வழியே ‘குரோனிக் அலோகிராஃப்ட் நெஃப்ரோபதி’ என்ற பெயர் நிலைபெற்றது. மாற்றுச் சிறுநீரகத்தின் நாள்பட்ட கோளாறு என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை; காரணம் இன்னும் தெரியாது என்ற நேர்மையில் பிறந்த பெயர். ஆனால் போகப் போக அதுவே காரணம்போல ஆகிவிட்டது. அறிக்கையில் அந்தப் பெயர் வந்தால் மேலே தேட வேண்டியதில்லை என்ற பழக்கம் வந்தது. 2005இல் எட்மன்டனில் நடந்த பான்ஃப் கூட்டம் அந்தப் பெயரையே நீக்கியது. ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதற்கு முன்னால் அதன் பெயரை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அதன் இடத்தில் காரணம் சொல்லும் பெயர்கள் வந்தன. அவற்றில் முக்கியமானது, தமிழில் சொன்னால், ‘பிறபொருளெதிரி வழி வரும் நாள்பட்ட, செயல்படும் நிராகரிப்பு’.

அந்தப் பெயருக்கு வழிவிட்டது நுண்ணோக்கியில் தெரிந்த ஒரு தடயம். நிராகரிப்பு எப்படி நடக்கிறதென்று அருகே போய்ப் பார்த்தால் அது விளங்கும். பெறுபவரின் ரத்தம் முதலில் தொடுவது தானம் வந்த உறுப்பின் ரத்தக்குழாய் உட்சுவரை. தானம் கொடுத்தவரின் எச்.எல்.ஏ. முத்திரைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. உறுப்போடு வந்த வெள்ளணுக்கள் சில காலத்தில் மறைந்துவிடும். அதன்பின் பெறுபவரின் சொந்தச் செல்கள் அந்த முத்திரைகளின் துணுக்குகளைப் பொறுக்கித் தங்கள் டி செல்களுக்குக் காட்டுகின்றன. டி செல் உதவியோடு, இன்னொரு வகை வெள்ளணுக்களான பி செல்கள் பிளாஸ்மா செல்களாகி, அந்த உறுப்புக்கென்றே குறிவைத்த பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. மருத்துவமனையில் இதற்கு ‘டி.எஸ்.ஏ.’ என்று பெயர். இவை மயிரிழைக் குழாய்களின் சுவரில் ஒட்டுகின்றன. காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொடர் கிளர்கிறது. இயற்கைக் கொல்லிச் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் வந்து சேர்கின்றன. சுவர் புண்படுகிறது, ஆறுகிறது, மறுபடி புண்படுகிறது. ஆறும் ஒவ்வொரு முறையும் அடித்தளப் படலம் ஒரு அடுக்கு கூடுகிறது. வடிகட்டும் குளோமெருலஸின் சுவர் நுண்ணோக்கியில் இரட்டைக் கோடாகத் தெரிகிறது. தமனியின் உட்புறம் தடித்துக் குறுகுகிறது. சுற்றிலும் நார்த்திசு படிகிறது. நோயாளிக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஃபைலில் கிரியாட்டினின் மட்டும் 1.2, 1.4, 1.7 என்று படியேறிக்கொண்டிருக்கும். சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும்.

ஒட்டிய பிறபொருளெதிரி சில நேரம் கழன்றுபோகும். ஆனால் அது கிளப்பிவிட்ட காம்ப்ளிமென்ட்டின் ‘சி-4-டி’ என்ற துண்டு சுவரில் இறுகப் பிணைந்து நிற்கும். 1990களின் தொடக்கத்தில் மியூனிக்கில் ஃபாய்க்ட் என்பவரின் குழு, பயாப்ஸித் துணுக்கில் இதை நிறமேற்றிக் காட்டியது. குழாயைச் சுற்றி வளையமாகத் தெரிந்த அந்த நிறமே ஆள் வந்துபோனதற்குச் சாட்சி. வளையம் இல்லாமலேயும் இந்த நிராகரிப்பு நடக்கும் என்பது பின்னால் தெரிந்து, பான்ஃப் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. மற்ற உறுப்புகளிலும் இதே கதை வெவ்வேறு பெயர்களில் ஓடுகிறது. இதயத்தில் அது கொரோனரிக் குழாய்கள் முழு நீளத்துக்கும் குறுகும் ‘வாஸ்குலோபதி’. நுரையீரலில் சிறு மூச்சுக்குழல்கள் அடைபடும் ‘பிராங்கியோலைட்டிஸ்’. கல்லீரலில் பித்தக் குழல்களே காணாமல் போவது. உறுப்புக்கொரு பெயர் இருப்பதால் இவை தனித்தனி நோய்கள்போலத் தோன்றுகின்றன.

மருந்துகளின் பெயரும் ஒரு தகவல் சொல்லும். இன்று பெரும்பாலானோர் விழுங்கும் டேக்ரோலிமஸ், ஜப்பானில் சுகுபா மலையடி மண்ணிலிருந்த நுண்ணுயிரில் 1984இல் கிடைத்தது. ஆங்கில எழுத்துக்கூட்டில் பெயரின் முதலெழுத்தான ‘டி’ சுகுபாவுடையது. சிரோலிமஸின் பழைய பெயர் ராபமைசின். ஈஸ்டர் தீவின் சொந்தப் பெயரான ராபா நூயி அதில் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து அதை வெளிக்கொணர்ந்தவர் இந்தியாவில் படித்துக் கனடா சென்ற சுரேன் செகல். ஆனால் இந்த ‘லிமஸ்’ மருந்துகள் முதன்மையாக அடக்குவது டி செல்லை. டி செல் அடங்கியிருக்கும்வரை பி செல்லுக்குத் தூண்டுதல் குறைவு. பிளாஸ்மா செல் ஒருமுறை உருவாகிவிட்டால் அது எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கும். டேக்ரோலிமஸ் அதைத் தொடாது. மருந்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. அதுவே சிறுநீரகத்தில் நார்த்திசு படிய வைக்கும். நாள்பட்ட நிராகரிப்புக்கு உறுதியான மருந்து இன்னும் இல்லாததன் காரணம் இதுதான். காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்து ‘டேக்ரோ லெவல்’ பார்க்கச் சொல்வது, புதுப் பிறபொருளெதிரி உருவாக இடம் கொடுக்கக் கூடாதென்பதற்காகவும்தான். “இப்பதான் நல்லா இருக்கேனே” என்று இடையிடையே மாத்திரையை விடுவது, அது உருவாவதற்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று.

இங்கேதான் பழைய பெயர் ஆபத்தாகிறது. மாற்று உறுப்புப் பெற்றவர் வீட்டுக்கு வரும் உறவினர், “உனக்கு நோய் எதிர்ப்பு சக்தி கம்மியாமே” என்று பரிவோடு லேகியம் வாங்கி வருகிறார். கம்மியாக வைத்திருப்பதுதான் சிகிச்சை என்பதை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. பம்ப்ளிமாஸ் போன்ற ஒரு பழம்கூட ரத்தத்தில் டேக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். உள்ளே என்னவென்று தெரியாத சூரணத்தை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பிறபொருளெதிரி குறையற்ற சொல் என்று சொல்லவில்லை. லூபஸ் நோயில் உடம்பு தன் பொருளையே எதிர்க்கும் ஆண்டிபாடிகளை உண்டாக்குகிறது. அதைத் ‘தன் பிறபொருளெதிரி’ என்றால் சொல்லே தன்னோடு சண்டை போடும். மாற்று உறுப்பிலும் எச்.எல்.ஏ. அல்லாத, எல்லா மனிதருக்கும் பொதுவான சில புரதங்களை எதிர்க்கும் ஆண்டிபாடிகள் கேடு செய்வது தெரிந்திருக்கிறது. பாதி பிறவாகிய கருவைத் தாயுடல் பத்து மாதம் சுமப்பதையும் ‘பிற’ என்ற ஒரே அளவுகோல் விளக்காது. உடம்பு ‘பிற’வைப் பார்க்கவில்லை, ஆபத்தைத்தான் பார்க்கிறது என்று பாலி மாட்சிங்கர் 1994இல் வாதிட்டது இத்தகைய கேள்விகளால்தான். எந்தச் சொல்லும் தான் பிறந்த காலத்து அறிவைத்தான் சுமக்கும்.

ஆனாலும் வராந்தாக் கேள்விக்கு விடை சொல்ல எந்தச் சொல் உதவும் என்பதே அளவுகோல் என்றால், ஈழத்துச் சொல்லைத் தமிழ்நாடும் டெல்லித் தமிழரும் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் சிறுநீரகம் நோய் இல்லை. உடம்பின் கணக்கில் அது பாதி ‘பிற’. அதை எதிர்ப்பது பிறபொருளெதிரி. நாள்பட்ட நிராகரிப்பு என்பது உறுப்பின் மூப்பு இல்லை. அந்த எதிரி நாள்தோறும் செய்யும் வேலை. ஆகவே தினமும் நடப்பதைத் தினமும் மாத்திரை போட்டுத்தான் தடுக்க வேண்டும். இவ்வளவையும் மூன்றே வரியில் சொல்ல ஒரு சொல் இடம் கொடுக்கிறதென்றால், அதன் நீளத்தைப் பொறுத்துக்கொள்வதில் நட்டமில்லை.